கூட்டிவைத்த வேகம்

எந்தப் பொருளும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கணக்கை லிஃப்ட்காரர் நம்புவதில்லை. லிஃப்ட்டுக்குள் ஒரு தகடு ஒட்டியிருக்கும், எட்டுப் பேர் மட்டும் என்று. அதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒன்பதாவதாக ஏறியவரைப் பார்த்து முறைப்பார்கள். லிஃப்ட்காரர் மட்டும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். அந்தப் பெட்டியைத் தாங்கும் கம்பிவடங்கள் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும் என்பது, இருபத்திரண்டு வருடமாக அவற்றுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற அவருக்குத் தெரியும். தயாரிக்கிறவன் பயந்தாங்கொள்ளி, எப்போதும் குறைத்துத்தான் எழுதுவான் என்பது அவருடைய முடிவு. லிஃப்ட் விஷயத்தில் அது உண்மைதான். அந்த முடிவை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

வீட்டில் ஏற்கெனவே அதன் பலனை அனுபவித்திருந்தார்கள். ஃபேன் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றும் என்று ரெகுலேட்டரைப் பிரித்தார், அது ஒரே வேகத்தில் புயல்போலச் சுற்றத் தொடங்கி, அறையில் ஒரு காகிதம்கூட மேஜையில் தங்கவில்லை. வாஷிங் மெஷினில் கைவைத்தார், அது துணியைப் பிழிகிற வேகத்தில் குளியலறையிலிருந்து கூடம்வரை நடந்துவந்தது. அன்றைக்கு அவர் மனைவி ஒரே ஒரு சட்டம் போட்டாள். வீட்டில் எதில் வேண்டுமானாலும் கைவைத்துக்கொள்ளலாம், ஜன்னலோரத்து மேஜையில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டரை மட்டும் தொடக்கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் நகராட்சியில் மழைநீர் வடிகால் பிரிவில் பொறியாளர். மழை இத்தனை அளவு பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களில் அந்தக் கணக்கைத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் அனுமதி வாங்கி வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிட்டுப் போவாள், ஒன்பது மணி நேரம் ஓடி ஐந்து மணிக்கு முடியும். பதினைந்து வருடமாக அவள் போட்ட கணக்குக்கு யாராவது ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறைதான் தலைமைப் பொறியாளர், முந்நூற்று நாற்பது தெருக்களின் அறிக்கையை அவளே கையெழுத்திட்டுத் தரட்டும் என்று சொல்லியிருந்தார். கூடவே, கணக்கை இரண்டு முறை ஓட்டி இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிரிவுக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள், "ஒன்பது மணி நேரம் இழுக்குதுங்க இந்த ஆமை" என்று சலித்துக்கொண்டாள். எல்லா மனைவிகளும் எல்லாப் பொருளையும் பற்றிச் சொல்கிற சலிப்புதான் அது. லிஃப்ட்காரர் காதில் மட்டும் அது விண்ணப்பமாக விழுந்தது.

வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளைகளில் கைப்பேசியில் வீடியோ பார்த்தார். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயரே இருந்தது. பிராசஸர் ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு துடிக்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் ஒரு எண் வைத்திருக்கிறான், நாம் உள்ளே போய் அந்த எண்ணைக் கூட்டலாம், மெமரிக்கும் அப்படியே கூட்டலாம் என்றான் வீடியோக்காரன். எல்லாச் சில்லும் எழுதியதற்கு மேல் கொஞ்சம் தாங்கும், எவ்வளவு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது லிஃப்ட்காரருக்குத் தன் உடன்பிறந்தவனையே கண்டதுபோல் இருந்தது. கண்டுபிடித்தபின் ஒரு நாள் முழுக்க விடாமல் சோதித்துப் பாருங்கள் என்று கடைசியில் அவன் சொல்வதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது.

அவருடைய வார விடுமுறை புதன்கிழமை. மழைப் புள்ளிவிவரம் வியாழக்கிழமைதான் வரும் என்பதால் அன்றைக்குக் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

முதல் அரைமணி நேரம் உள்ளேயே போக முடியவில்லை. கம்ப்யூட்டர் எழும் நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டுமாம். அவர் அழுத்துவதற்குள் அது எழுந்துவிடும், மறுபடி அணைப்பார், மறுபடி சீக்கிரம் அழுத்திவிடுவார். ஏழாவது தடவை எரிச்சலில் பொத்தானைப் படபடவென்று குத்திக்கொண்டே இருந்ததில் கதவு திறந்தது. உள்ளே நாற்பத்திரண்டு என்று ஒரு பெருக்கல் எண் இருந்தது. அதை நாற்பத்து நான்காக்கினார், எழுந்தது. நாற்பத்து ஆறு, எழுந்தது. பெருமை பிடிபடவில்லை. ஒரேயடியாக நாற்பத்து ஒன்பது என்று போட்டார். திரை கறுத்தது, காற்றாடி மட்டும் உள்ளே அலறியது. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் தாங்கும் என்று வீடியோவில் சொன்னது நினைவுக்கு வந்து அதையும் கூட்டினார். தாங்கியது, ஆனால் சூடு தொண்ணூற்றைந்து டிகிரிக்குப் போனது, பெட்டியின் மேல் வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பயந்துபோய் எல்லாவற்றையும் இறக்கி நாற்பத்து ஆறிலேயே நிறுத்தினார். பிராசஸர் அளவில் அவர் நடந்துகொண்டது உண்மையிலேயே புத்திசாலித்தனம்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். மெமரி பாக்கியிருக்கிறதே என்று தோன்றியது. அது மூவாயிரத்து இருநூறில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாயிரம் போட்டதும் கம்ப்யூட்டர் மூன்று முறை 'பீப்' என்று கத்திவிட்டுப் பிணம்போலக் கிடந்தது. பொத்தானைக் குத்தினாலும் அசையவில்லை. மணி பன்னிரண்டு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மதர்போர்டில் இருந்த காசு அளவு பேட்டரியைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி போட்ட பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. போட்டதெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில், இதை ஜெயிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று சபதம் வேறு செய்துகொண்டார். மூவாயிரத்து அறுநூறில் மெமரி எழுந்து நின்றது.

மெமரி பிழையில்லாமல் ஓடுகிறதா என்று சோதனை போட்டார். இரண்டு மணி நேரம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்த திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிழை, ஒன்று.

கோடிக்கணக்கான கணக்கில் ஒன்று. லிஃப்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவுகூட எப்போதாவது காரணமே இல்லாமல் ஒருமுறை திறந்து மூடும், நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும். நிறுத்திப் போட்டார். அடுத்த ஒரு மணி நேரம் ஒரு பிழையும் வரவில்லை. வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டது, திரையை அணைத்துவிட்டு எழுந்தார். தானாகச் சொல்லக்கூடாது, கணக்கு சீக்கிரம் முடிவதைப் பார்த்து அவளே வியந்து கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று நினைத்திருந்தார்.

கணக்கு சீக்கிரம் முடியத்தான் செய்தது. ஐந்து மணிக்கு முடிந்தது இப்போது நாலேகாலுக்கு முடிந்தது. அவள் வீட்டுக்கு வருவதோ ஆறு மணிக்கு. அவர் இத்தனை பாடுபட்டு மிச்சம்பிடித்த அந்த முக்கால் மணி நேரத்தை அனுபவிக்க வீட்டில் ஒரு ஜீவனும் இல்லை.

வியாழக்கிழமை ஓட்டிய கணக்கில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் தண்ணீர். வெள்ளிக்கிழமை அதே கணக்கில் அதே சந்தில் அறுபத்தொன்று. சனிக்கிழமை அந்தச் சந்து நாற்பத்திரண்டுக்கே திரும்பிவிட்டது, ஆனால் சந்தைக்கு வடக்கே காய்ந்து கிடக்க வேண்டிய ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் வந்தது. அவள் முதலில் சிரித்தாள். எங்கேயோ ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறேன் என்றாள். முந்நூற்று நாற்பது தெருக்களின் சாய்வையும் குழாய் அகலத்தையும் தாளில் எடுத்து, வாரக் கடைசி முழுக்க ஒரு அளவுகோலை வரிக்குவரி நகர்த்திச் சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. திங்கட்கிழமை ஓட்டினாள். இன்னொரு விதமாக வந்தது.

இரண்டாவது வாரம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டில் உப்பு அதிகமானாலும் பாருங்கள், எதிலும் என் கவனம் நிற்பதில்லை என்பாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள், மாடிப்படி இறங்கியபின் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். எண்களைப் படிப்பதில்தான் கோளாறு என்று கண் மருத்துவரிடம் போனாள். அவர் ஒன்றும் பெரிதாக இல்லை, வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சின்னதாக ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தெருக்களை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள்.

இத்தனைக்கும் லிஃப்ட்காரர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். தன் கைங்கரியத்துக்கும் இதற்கும் முடிச்சுப்போட அவருக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது முக்கால்வாசி உண்மை. கம்ப்யூட்டர் நிற்கவில்லை, கறுக்கவில்லை, கத்தவில்லை. தாங்காத லிஃப்ட் தாங்கவில்லை என்று மணியடித்து நிற்கும். இது நிற்கவில்லையே, பிறகென்ன என்று இருந்தார். மீதிக் கால்வாசியில் அந்தச் சிவப்பு வரி இருந்தது, அதை அவர் நினைத்துப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

பன்னிரண்டாம் நாள் மாலை அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"கணக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே முடியுதுங்க. நான் எதையோ போடாம விட்டிருக்கேன், அதான் சீக்கிரம் முடியுது, அதான் மாறுது. எதை விட்டேன்னுதான் தெரியலை. நீங்க இதுல ஏதாவது கை வச்சீங்களா?"

அவர் எந்த முக்கால் மணி நேரத்தின் பெருமைக்காகக் காத்திருந்தாரோ, அதுவே அவள் தன்மேல் சுமத்திக்கொண்ட குற்றப்பத்திரிகையில் ஏறியிருந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, கண்ணாடி மூக்கில் அழுத்திய தடம் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் வாஷிங் மெஷினிலிருந்து தொடங்கி எல்லாம் வரும். நாக்கு முந்திக்கொண்டது.

"நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? நீதான் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கியே."

அவள் தலையாட்டினாள். "தெரியும். சும்மா கேட்டேன்" என்றாள்.

அந்த 'தெரியும்' அவரைத் தின்றது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தவர், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வேலையிடத்தில் ஒருத்தர் கேட்கிறார் என்று பீடிகை போட்டு, அந்த ஒருத்தரின் மெமரி, அந்த ஒருத்தரின் சிவப்பு வரி எல்லாவற்றையும் சொன்னார்.

"பிராசஸர் தாங்கலைன்னா பெரும்பாலும் மிஷின் நின்னுடும் மாமா, தெரிஞ்சுடும்" என்றான் மச்சான். "மெமரி அப்படியில்ல. நிக்கவும் நிக்காது, சொல்லவும் சொல்லாது. எங்கேயோ ஒரு எண்ணை மாத்தி வச்சுட்டு அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்."

"ஒரே ஒரு பிழைதானாம்பா. அப்புறம் வரலையாம்."

"ஒண்ணு வந்தாலே ஃபெயில்தான் மாமா. பூஜ்யம்தான் பாஸ். அவரை உடனே பழைய மாதிரி மாத்தச் சொல்லுங்க."

பக்கத்து லிஃப்ட்டின் மோட்டார் ஓடி நின்றது. யாரோ ஏதோ ஒரு மாடியில் பத்திரமாக இறங்கியிருப்பார்கள். லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பிவடம் பத்து மடங்கு தாங்குகிறது என்றால், பத்து மடங்கு தாங்கும்படி ஒருவன் செய்து வைத்திருக்கிறான். மெமரியில் யாரும் அப்படி எதையும் செய்து வைக்கவில்லை. தகட்டில் இருப்பது கூச்சத்தில் குறைத்து எழுதிய எண் என்று இருபத்திரண்டு வருடமாகச் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. தன்மேலேயே எரிச்சல் பொங்கி, சும்மா இருந்த ஸ்பானரைக் காலால் ஒரு எத்து எத்தினார், அது சுவரில் மோதி அவர் காலடிக்கே திரும்பி வந்தது.

அடுத்த நாள் புதன். அவள் கணக்கைத் தொடங்காமலே அலுவலகம் போயிருந்தாள், தொடங்க மனமில்லை என்று சொல்லிவிட்டு. லிஃப்ட்காரர் உள்ளே போய் எல்லா எண்ணையும் கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே வைத்தார். இரண்டு நிமிட வேலை. பிறகு மெமரிச் சோதனையை மாலைவரை ஓடவிட்டு, நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம். இனிமேல் சரியாக வரும், அவள் சந்தோஷப்படுவாள், எல்லாம் தானாக ஆறிப்போகும், சொல்லவேண்டிய அவசியமே இருக்காது என்று கணக்குப் போட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட கணக்குகளிலேயே மட்டமான கணக்கு அதுதான்.

வியாழனும் வெள்ளியும் ஓட்டியது ஒத்துப்போனது. வெள்ளி மாலை அவள் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்நூற்று நாற்பது வரியையும் விரலால் தொட்டுக்கொண்டு இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது. லிஃப்ட்காரர் காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு, அவள் சிரிப்பாள் என்று கூடத்துக்கு வந்து நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். தலைமைப் பொறியாளருக்கு எழுதிய கடிதம். இந்த அறிக்கையில் கையெழுத்திடும் அளவுக்கு என் கணக்கின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, வேறொருவரிடம் ஒப்படைத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது.

"அதான் சரியா வந்துருச்சே. இது எதுக்கு?" என்றார்.

"சரியா வந்ததாலதாங்க. போன வாரமே எழுதிட்டேன், குடுக்க மனசு வரலை. இன்னிக்குத்தான் புரியுது. மிஷின் அதேதான், புள்ளிவிவரமும் அதேதான். மாறினது நான் ஒருத்திதான். இந்த ரெண்டு நாளா பயந்து பயந்து ஒழுங்கா பண்ணியிருக்கேன், ஒழுங்கா வந்திருக்கு. அப்ப இத்தனை நாளும் தப்பு எங்கிட்டதானே? எங்க பண்ணேன்னுகூட எனக்குத் தெரியலை. நாளைக்கு மறுபடி பண்ண மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஜனங்க குடியிருக்கற தெருங்க. திங்கக்கிழமை குடுத்துடறேன்."

அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் தேற்றிக்கொண்ட குரலில், தனக்கு ஒரு வியாதி இருப்பதை ஏற்றுக்கொண்டவர்கள் பேசுவதுபோலப் பேசினாள். ஓசைப்படாமல் அவர் சரிசெய்து வைத்தது அவள்மேல் இருந்த குற்றத்தை நிரூபித்தே காட்டிவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டிருந்தால் அவள் ஆயுசுக்கும் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"மிஷின் அதே இல்லை" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாற்பத்து ஆறு, மூவாயிரத்து அறுநூறு, காசு அளவு பேட்டரி, சிவப்பு வரி, மச்சானுக்குப் போட்ட போன், புதன்கிழமை மாற்றி வைத்தது. ஒன்பது மணி நேரம் இழுக்கிறது என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் என்று முடித்தபோது, அந்த வார்த்தை அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்தாள். கிழித்ததில் அவளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது. அவள் மூளை பழுதாகவில்லை, கண் பழுதாகவில்லை, பதினைந்து வருடக் கை எங்கேயும் தவறவில்லை. லிஃப்ட்காரர் அதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டார். அவர் விட்ட மூச்சு முடிவதற்குள் அவள் பேசினாள்.

"மிஷின் தப்பா சொல்லிச்சு, அது தப்புன்னு அதுக்குத் தெரியாது. நான் உங்களைக் கேட்டேன். உங்களுக்குத் தெரியும்."

"அன்னிக்கு நான்..." என்று தொடங்கியவர், பாதியில் விட்ட காய்கறியை நறுக்கத் திரும்பிப் போனார்.

அவள் திட்டவில்லை. ஃபேனையும் வாஷிங் மெஷினையும் இழுக்கவில்லை. சனிக்கிழமை காலை மூன்றாவது முறையாகக் கணக்கை ஓட்டினாள், அன்று முழுக்க வீட்டிலேயே இருந்து ஐந்து மணிக்கு அது முடிவதைக் கண்ணால் பார்த்தாள். ஒத்துப்போனது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய அறிக்கையை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக்கொண்டாள். அதில் ஒவ்வொரு தெருவுக்கும் நேராகத் தண்ணீரின் அளவைப் பேனாவால் எழுத வேண்டும், அலுவலகத்து வழக்கம் அது. கம்ப்யூட்டர் ஜன்னலோரத்தில், சாப்பாட்டு மேஜை கூடத்தின் அந்தப் பக்கம். ஏதாவது ஒரு விதத்தில் உதவியாக இருக்க வேண்டுமே என்று லிஃப்ட்காரர் தவித்துக்கொண்டிருந்தார். நான் படிக்கிறேன், நீ எழுது என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் வரியை உரக்க, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழும்படி படித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்சந்து, நாற்பத்திரண்டு.

பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கூடத்தைக் கடந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையில் அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.

"அடுத்தது" என்றாள்.

அவர் அடுத்த தெருவைப் படித்தார். அவள் மறுபடி எழுந்து வந்தாள். இன்னும் முந்நூற்று முப்பத்தெட்டுத் தெருக்கள் இருந்தன.